ஈவென்ட் போட்டால் மட்டும் முடிச்சு அவிழ்ந்துவிடாது

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆர்டர் சிஸ்டத்தில் வேலை பார்த்தேன். ஆர்டரை உறுதி செய்யும் ஃபங்ஷன் ஒன்று, ஆரம்பத்தில் டேட்டாபேஸில் ஒரு வரி எழுதுவதோடு நிறுத்திக்கொண்டது. அப்புறம் மெயில் அனுப்பு, ஸ்டாக்கைக் குறை, கணக்குப் பகுதிக்குச் சொல், பரிசுப் புள்ளி சேர் என்று ஒவ்வொன்றாக அதன் தலையில் ஏறி, ஒரு நாள் மெயில் சர்வர் படுத்துக்கொண்டதும் ஆர்டர் எடுப்பதே நின்றுபோனது. மெயில் போகவில்லை என்பதற்காக வந்த ஆர்டரை எந்த வியாபாரியும் திருப்பி அனுப்ப மாட்டார். எங்கள் கோட் அனுப்பியது.

சரி, இப்படி ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்ட வேலைகளை ஈவென்ட், அதாவது 'இது நடந்தது' என்ற அறிவிப்பு, வைத்துப் பிரித்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். 'ஆர்டர் உறுதியானது' என்று அறிவிப்பதோடு ஆர்டர் மாட்யூலின் வேலை முடிந்தது. யார் காதில் விழுகிறது என்பது அதற்குத் தெரிய வேண்டியதில்லை. பெயரில் மட்டும் கவனம் வேண்டும். 'மெயில் அனுப்பு' என்று பெயர் வைத்தால் அது ஈவென்டே இல்லை, மாறுவேடம் போட்ட கட்டளை. நடந்து முடிந்த ஒன்றை இறந்த காலத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தெரிந்துவிடும்.

பிரித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த இரண்டாவது வாரமே அதே கோளாறு மறுபடியும் வந்தது. நாங்கள் பயன்படுத்தியது, ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் ஈவென்ட் அறிவிக்க உள்ள ஈவென்ட்எமிட்டர். எமிட் செய்தால், அதாவது அறிவித்தால், எல்லாம் பின்னணியில் தனியாக ஓடும் என்று நினைத்திருந்தோம், ஆனால் அது லிஸனர்களை (அறிவிப்பைக் கேட்டு வேலை செய்யும் ஃபங்ஷன்களை) அதே இடத்தில், பதிவு செய்த வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கிறது. ஒரு லிஸனர் எக்ஸெப்ஷன் வீசினால் அடுத்தவை ஓடாது, அந்தப் பிழை எமிட் செய்த இடத்துக்கே திரும்பி வரும். கோட் பார்க்கப் பிரிந்திருந்தது, ஓடும்போது ஒட்டியே இருந்தது.

அதனால் கியூவுக்குப் போனோம், அதாவது செய்திகளை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு எடுத்துக்கொடுக்கும் தனி வரிசைக்கு. இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டேட்டாபேஸில் கமிட் ஆகிவிட்டது (உறுதியாகப் பதிந்துவிட்டது), கியூவில் போடுவதற்குள் ப்ராசஸ் செத்துவிட்டது என்றால் ஆர்டர் இருக்கும், ஈவென்ட் இருக்காது. மாற்றிப் போட்டால் நடக்காத ஆர்டருக்கு ஈவென்ட் போய்விடும். ஆர்டர் எழுதும், எல்லாம் சேர்ந்து பதியும் அல்லது எதுவுமே பதியாத அதே டிரான்சாக்‌ஷனுக்குள் ஈவென்டையும் ஒரு டேபிளில் எழுதிவிட்டு, வேறொரு வொர்க்கர் (பின்னணியில் ஓடும் ப்ராசஸ்) அதை எடுத்து அனுப்புவதுதான் நம்பகமான வழி, அவுட்பாக்ஸ் என்பார்கள். ஆனால் அந்த வொர்க்கர் அனுப்பிவிட்டு, 'அனுப்பியாயிற்று' என்று குறித்துவைப்பதற்குள் செத்தால்? மறுபடி அனுப்பும். ஆக ஒரே ஈவென்ட் இரண்டு முறை வரத்தான் செய்யும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐடி கொடுத்து, பார்த்த ஐடி மறுபடி வந்தால் ஒதுக்கிவிடும்படி லிஸனரை எழுதாதவரை வாடிக்கையாளருக்குப் பரிசுப் புள்ளி இரட்டிப்பாகும் (அவர் புகார் சொல்லவும் மாட்டார்). வரிசையையும் நம்பிவிடாதீர்கள். செய்திகளைச் சேமித்துக் கடத்தும் காஃப்காவில்கூட வரிசை ஒரு பார்ட்டிஷனுக்குள், அதாவது செய்திகளைப் பிரித்து வைக்கும் ஒரு பகுதிக்குள், மட்டும்தான் உறுதி. ஒரே கீ உள்ளவை ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும், அதனால் ஆர்டர் எண்ணையே கீ ஆக வைப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் முடிச்சு காணாமல் போகவில்லை, செய்தியின் வடிவத்துக்கு இடம் மாறியிருந்தது. ஒருவர் 'தொகை' என்ற ஃபீல்டுக்கு வேறு பெயர் வைத்தார், கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை, எல்லா டெஸ்டும் பாஸ், கணக்குப் பகுதி மட்டும் இரண்டு நாள் பூஜ்யமாகப் பதிந்துகொண்டிருந்தது. நேரடி ஃபங்ஷன் அழைப்பாக இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். அதன் பிறகு ஃபீல்டைச் சேர்க்கலாம், பெயர் மாற்றவோ நீக்கவோ கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

எல்லாவற்றையும் ஈவென்டாக்கவும் இல்லை. பணம் வந்ததா இல்லையா என்ற பதில் கையில் இல்லாமல் அடுத்த வரிக்கே போக முடியாது, அதை நான் இருந்தவரை நேரடியாகத்தான் அழைத்தோம்.