‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் என்ன நடக்கிறது, பெற்றோர் எதைக் கேட்கலாம்

“பள்ளிக்கூடத்தில் பாட்டும் கூத்துமாகத்தான் இருக்கிறது, படிப்பையே காணோம்” என்ற குறை தொடக்கப் பள்ளிப் பெற்றோரிடம் அடிக்கடி கேட்கிறது. பிள்ளை வீட்டுக்கு வந்து காகிதப் பொம்மை செய்ததைச் சொல்கிறது, இரண்டு பக்கம் எழுதிய நோட்டைக் காட்டுவதில்லை. கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தப் பாட்டும் பொம்மையும் ஆசிரியர் நேரம் போக்கச் செய்பவை அல்ல. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அதுதான் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பாடமுறை. அதற்கு அடிப்படையாக நாடு முழுவதுக்கும் பொருந்தும் கல்வி உரிமைச் சட்டமும் இருக்கிறது. ஆகவே “ஏன் விளையாட்டுக் காட்டுகிறீர்கள்” என்று கேட்பதைவிட, “என் பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறான், அடுத்த நிலைக்கு எப்படிக் கொண்டுபோகிறீர்கள்” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை வகுப்பறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 2021 ஆகஸ்ட் நிதிநிலை அறிக்கையில் 66.70 கோடி ரூபாயில் இந்த இயக்கத்தை அறிவித்தார்கள். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும், 2025க்குள் இது நடக்க வேண்டும் என்பதே அப்போது வைத்த இலக்கு. முதலில் 1, 2, 3 வகுப்புகளுக்கு வந்தது, 2023-24இல் 4, 5 வகுப்புகளும் சேர்ந்தன. (மாலையில் தெருவிலோ வீட்டு வாசலிலோ தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தது ‘இல்லம் தேடிக் கல்வி’. அது தனித் திட்டம். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

திட்டத்தின் உயிர் மூன்று நிலைகளில் இருக்கிறது: அரும்பு, மொட்டு, மலர். ஒன்றாம் வகுப்பில் வந்திருக்க வேண்டிய திறன்கள் அரும்பு, இரண்டாம் வகுப்புக்குரியவை மொட்டு, மூன்றாம் வகுப்புக்குரியவை மலர். மூன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழில் இன்னும் எழுத்துக்கூட்டத் தடுமாற்றம் இருந்தால், தமிழுக்கு அந்தப் பிள்ளை அரும்பு. அதே பிள்ளை கணக்கில் மொட்டாகவோ மலராகவோ இருக்கலாம். நிலையைப் பார்த்துத்தான் பயிற்சி தருவார்கள். இதை “என் பிள்ளையைக் கீழ் வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள்” என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளை அதே வகுப்பில்தான் இருக்கிறது, வருகைப் பதிவேட்டில் எதுவும் மாறுவதில்லை. தெரியாத இடத்திலிருந்து சொல்லித்தருகிறார்கள், அவ்வளவுதான்.

மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் பார்த்தாலும் பதற வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை என்றால் மூவர். சின்ன ஊர்ப் பள்ளிகளில் ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் கவனிக்கிறார்கள். ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது மற்ற வகுப்புகள் கைகட்டிச் சும்மா உட்கார்ந்திருந்த காலம் உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் அதற்கு ஒரு வழி கண்டது. பாட அட்டைகளும், அடுத்து எந்த அட்டை என்று காட்டும் ஏணிப்படிப் படமுமாக ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படித்தது. எண்ணும் எழுத்தும் அந்த அனுபவத்தின் மேல் வந்தது. இதில் பாட்டையும் கதையையும் மூன்று வகுப்பும் சேர்ந்து கேட்கும். பிறகு அவரவர் நிலைக்கான பயிற்சி நூலை எடுத்துக்கொள்வார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: இரண்டு பேரை வைத்து இதை ஒழுங்காக நடத்துவது கடுமையான வேலை. அதில் ஒருவர் விடுப்பில் போனால் அந்த நாள் கைவிட்டுப் போகும். நல்ல திட்டம் என்பதற்காக ஆள் பற்றாக்குறையை மறைக்கக் கூடாது.

கணக்கு வேளையில் போய்ப் பார்த்தால் இந்த முறையின் அருமை தெரியும். 32இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். பிள்ளையின் முன்னால் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட மூன்று குச்சிக் கட்டுகளும் இரண்டு தனிக் குச்சிகளும் இருக்கின்றன. ஏழு குச்சி எடுக்க வேண்டும், இருப்பதோ இரண்டு. பிள்ளை சற்று யோசித்துவிட்டு ஒரு கட்டின் ரப்பரை உருவுகிறது. இப்போது தனிக் குச்சி பன்னிரண்டு. ஏழை எடுத்தால் ஐந்து. மீதமுள்ள இரண்டு கட்டில் ஒன்றை எடுத்தால் ஒன்று. பதினைந்து! நாமெல்லாம் “பக்கத்தில் கடன் வாங்கு” என்று மனப்பாடமாகச் செய்தோம், எதற்கு வாங்குகிறோம் என்று பலருக்குத் தெரியாது. ரப்பரை உருவிய பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் நோட்டில் அன்றைக்கு ஒரே ஒரு கணக்குத்தான் இருக்கும்.

இப்படிச் சொல்லித்தருவதைச் சட்டமே கேட்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 29ஆம் பிரிவு, குழந்தையை மையமாக வைத்துச் செயல்பாடுகள் மூலமும் தானே கண்டறிவதன் மூலமும் கற்பிக்க வேண்டும், முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும், பிள்ளைக்குப் பயமும் பதற்றமும் இருக்கக் கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. “ரெண்டு போடு போட்டால்தான் படிப்பான்” என்று ஆசிரியரிடம் சொல்லும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அது சட்டத்தை மீறச் சொல்வது, தயவுசெய்து வேண்டாம். 1 முதல் 5 வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம் என்பதும், பள்ளியில் கதைப் புத்தகங்கள் உள்ள நூலகம் இருக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்கள் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் அட்டவணையில் உள்ளவை. வகுப்பில் பொம்மை இருப்பது பிள்ளையின் உரிமை.

பெற்றோருக்கு அதிகம் பயன்படுவது 24ஆம் பிரிவு. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் ஆசிரியர் கணித்து, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும். பெற்றோரை அவ்வப்போது கூட்டி, பிள்ளை ஒழுங்காக வருகிறதா, எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும். இவை ஆசிரியரின் கடமைகள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் வளரறி மதிப்பீட்டை, அதாவது பாடம் நடக்கும்போதே பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்று பார்ப்பதை, கைபேசிச் செயலியில் பதிகிறார்கள். ஆகவே உங்கள் பிள்ளையின் நிலை பள்ளியில் பதிவாக இருக்கிறது, கேட்டால் சொல்ல முடியும். மதிப்பெண்ணோடு நிற்காமல், “எந்த எழுத்தில் தடுமாறுகிறாள், எத்தனை இலக்க எண்வரை கூட்டுகிறாள்” என்று கேளுங்கள். 5ஆம் வகுப்பில் ஃபெயில் ஆக்கிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். 2019 சட்டத் திருத்தத்தால் 5, 8 வகுப்புகளில் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி கிடைத்தது. தமிழ்நாட்டிலும் பொதுத்தேர்வு அறிவித்தார்கள், எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள்.

வீட்டில் நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். பாடப் புத்தகத்தைத் தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் முதல் சொல்லைப் பார்த்ததும் முழுப் பத்தியையும் ஒப்பித்துவிடும் பிள்ளைகள் உண்டு. பேருந்துப் பலகையையோ நாளிதழ்த் தலைப்பையோ காட்டுங்கள். அல்லது வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல்லை மட்டும் விரல் வைத்துக் கேளுங்கள். ‘கெ’யும் ‘கே’யும், ‘லை’யும் ‘ளை’யும் குழம்பினால் அதைக் குறித்துவைத்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். திட்டாதீர்கள். எந்த இடத்தில் சிக்கல் என்று தெரிந்தால் ஆசிரியருக்குப் பாதி வேலை முடிந்தது.

கேட்டும் பதில் இல்லை, பயிற்சி நூல் வரவில்லை, ஆசிரியர் இடம் பல மாதமாகக் காலி என்றால் அடுத்த இடம் பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போய்ப் பேசியதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சோடு விட்டால் நிற்காது. அங்கேயும் நகரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். 32ஆம் பிரிவின்படி, உரிமை தொடர்பான எழுத்துப் புகாருக்கு உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவில் குறை இருந்தால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளையை அடித்தார்கள், துன்புறுத்தினார்கள் என்றால் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.