ஈபேயில் விற்பவர்களே, முறைப்பாடு அனுப்ப முன் இதைப் படியுங்கள்

கிழக்கிலங்கையின் மருதமுனைக் கைத்தறிச் சேலையையும் சாரனையும் ஈபே என்ற இணையச் சந்தையில் ஏலத்துக்கு விடுகிற தங்கச்சி ஒருவர் போன வாரம் சட்டத்தரணியான என்னிடம் வந்தார். அவருடைய படங்களை இன்னொரு விற்பனையாளர் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். அது உண்மை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தறிக்குக் கீழே கிடந்த செருப்புக்கூட ஒன்றுதான். ஆனால் கோபத்தில் இவர் செய்த வேலை என்னவென்றால், அந்த விற்பனையாளரின் கடையில் இருந்த அத்தனை சாமானையும் வரிசையாக எழுதி, எல்லாம் தன்னுடையது என்று ஈபேக்கு முறைப்பாடு அனுப்பிவிட்டார். அதில் பாதிக்கு மேல் அந்த மற்றவரே எடுத்த படங்கள். அவர் மறுப்பு அனுப்பினார். அதோடு இவருடைய நியாயமான முறைப்பாடும் எடுபடாமல் போயிற்று, கணக்குக்கும் தடை விழுந்தது. படத்தைப் பறிகொடுத்தவரே இப்போது பதில் சொல்லவேண்டிய இடத்தில் நிற்கிறார்.

இப்படி வருகிறவர் இவர் ஒருவரல்லர். ஒல்லாந்தர் காலத்துக் காசு விற்கிற காத்தான்குடிக்காரர், பழைய இலங்கை முத்திரை விற்கிற மட்டக்களப்பு ஆசிரியர், பன்பாய் விற்கிற களுவாஞ்சிகுடிக் குடும்பம் என்று எல்லாரும் இதே சிக்கலோடுதான் வருகிறார்கள். ஆகவே ஒருமுறை விரிவாக எழுதிவிடுகிறேன்.

என்னிடம் வருகிற பத்தில் எட்டுப் பேர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: "சேர், இந்தச் சாமான ஈபேயில முதல் போட்டது நான். அவ என்னப் பாத்துத்தான் போட்டிருக்கா. அப்ப அது களவுதானே?"

இல்லை. அது களவில்லை. எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. பதிப்புரிமை என்பது ஓர் ஆக்கத்தைப் பிரதியெடுக்கவும் பயன்படுத்தவும் அதன் சொந்தக்காரருக்கு உள்ள உரிமை. எங்கள் இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, எண்ணங்களுக்கும் முறைகளுக்கும் வெறும் தரவுகளுக்கும் அந்தப் பாதுகாப்புக் கிடையாது என்று நேரடியாகவே சொல்கிறது. மருதமுனைச் சாரனை அமெரிக்காவுக்கு விற்கலாம் என்று உங்களுக்கு முதலில் தோன்றியது உங்கள் கெட்டித்தனம். அதற்காக அந்தச் சந்தை முழுவதும் உங்களுடையதாகிவிடாது. கல்லடிக் கடற்கரையில் ஒருவர் கச்சான் வண்டி போட்டார் என்பதற்காகப் பக்கத்தில் இன்னொரு வண்டி நிற்கக்கூடாதென்று யாரும் வழக்கு வைப்பதில்லை. ஈபேயிலும் அப்படித்தான்.

அவர் உங்களைவிட ஒரு டொலர் குறைத்து ஏலத்தைத் தொடங்கினார், நீங்கள் போட்ட அதே பிரிவில் போட்டார், தலைப்பில் அதே தேடற்சொற்களை வைத்தார், உங்களைப்போலவே தபாற்செலவு இலவசம் என்றார், ஞாயிறு இரவு முடிகிற மாதிரி ஏழு நாள் ஏலம் வைத்தார். இவை ஒன்றுமே பதிப்புரிமை மீறல் அல்ல. காசு விற்கிற அண்ணன்மாரும் கேளுங்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி அடித்த செப்புக்காசில் உள்ள ஆண்டும் அதன் நிறையும் விட்டமும் யாருடைய சொத்துமல்ல. நீங்கள் நிறுத்து எழுதிய கிராம் கணக்கை இன்னொருவர் எழுதினால் அவர் உங்கள் ஆக்கத்தைத் திருடவில்லை. வெறும் தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை என்பதை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1991இல் ஒரு தொலைபேசி விபரக்கொத்து வழக்கிலேயே தீர்த்துவிட்டது. ஈபே அமெரிக்கக் கொம்பனி என்பதால் அந்தத் தீர்ப்பு உங்களுக்கும் வேண்டியதுதான்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த ஒரு எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் நம்மவர்கள் பொய் முறைப்பாடு அனுப்புகிறார்கள். பொய் சொல்லவேண்டும் என்று நினைத்து அனுப்புவதில்லை. தங்களுக்குச் சொந்தமில்லாததைச் சொந்தம் என்று மனமார நம்பி அனுப்புகிறார்கள்.

உண்மையில் உங்களுக்குச் சொந்தமானது நீங்கள் எடுத்த படம். நீங்களே யோசித்து எழுதிய விபரிப்பும் உங்களுடையது. படத்தை எடுத்த அந்தக் கணமே உரிமை வந்துவிடும். பதிவு வேண்டாம், முத்திரை வேண்டாம், படத்தின் மூலையில் பெயர் வேண்டாம். படம் அழகாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை; தரத்தைப் பாராமல் பாதுகாப்பு உண்டென்று எங்கள் புலமைச் சொத்துச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. இலங்கையில் படத்துக்குப் பதிப்புரிமைப் பதிவு என்று ஒன்றே இல்லை. பதிவு எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு நாட்டவரின் ஆக்கத்துக்கு மற்ற நாடுகளிலும் பாதுகாப்புத் தருகிற பேர்ண் சமவாயம் என்ற உடன்படிக்கையில் இலங்கை 1959இலும் அமெரிக்கா 1989இலும் சேர்ந்துவிட்டன. மருதமுனை முற்றத்தில் வைத்து எடுத்த படத்துக்கு நியூயோர்க்கிலும் அதே உரிமை உண்டு.

படத்தை எடுத்துப் போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். கூகிளில் கிடந்தது, நிறத்தைக் கொஞ்சம் மாற்றினேன், அவவின் பெயர் இருந்த மூலையை வெட்டிவிட்டேன் என்பவை எதுவும் சாட்டல்ல. பெயரை வெட்டினீர்கள் என்றால் தெரிந்தே செய்தீர்கள் என்பதற்கு நீங்களே சாட்சி வைத்துவிட்டீர்கள். வேண்டுமென்று செய்யும் மீறலுக்கு நீதவான் நீதிமன்றம் 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கைத்தறியில் ஒரு சேலையைப்போல இன்னொன்று வராது என்பதும் உங்களுக்குத் தெரியும். மற்றவரின் சேலைப் படத்தைக் காட்டி உங்கள் சேலையை அனுப்பினால் வாங்கியவர் திருப்பி அனுப்பாமல் என்ன செய்வார்? ஒரு வெள்ளைத் துணியை விரித்து, வெயில் சாய்ந்த பிறகு முற்றத்தில் வைத்து உங்கள் ஃபோனிலேயே எடுங்கள். பத்து நிமிட வேலை.

நெசவு வடிவம் இன்னொரு கதை. ஊரில் எல்லாரும் நெய்கிற கோடும் கட்டமும் யாருக்கும் சொந்தமில்லை. நீங்களே வரைந்து உருவாக்கிய புது வடிவம் என்றால் பயன்பாட்டுக் கலைப் படைப்பாக, அதாவது பாவனைப் பொருளில் அமைந்த கலை ஆக்கமாக, 25 ஆண்டு பாதுகாப்புக் கேட்க வழியிருக்கிறது. அதைவிட உறுதியான வழி, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிவது. முதலில் 5 ஆண்டு கிடைக்கும், இரண்டு தடவை புதுப்பிக்கலாம். ஆனால் வடிவம் புதிதாக இருக்கவேண்டும். பேஸ்புக்கில் போட்டு எல்லாரும் பார்த்த பிறகு பதிய ஓடி வராதீர்கள்.

இனி முறைப்பாடு. ஈபேயில் உரிமையாளர்களுக்கென்று வெரோ என்ற முறைமை இருக்கிறது. அதன் படிவத்தை உரிமையாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் அனுப்பலாம். அதற்குப் பின்னால் நிற்பது இணையத்தில் நடக்கும் பதிப்புரிமை மீறல் பற்றிய 1998ஆம் ஆண்டின் அமெரிக்க டிஎம்சிஏ சட்டம். படிவத்தின் அடியில் உள்ள உறுதிமொழியை நம்மவர்கள் வாசிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். தெரிந்துகொண்டு பொய்யாக எழுதினால் மற்றவரின் நட்டத்தையும் சட்டத்தரணிச் செலவையும் நீங்கள் கட்டவேண்டி வரும் என்று அந்தச் சட்டத்தின் 512ஆம் பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு ஏல இலக்கத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். அதற்கு நேரே உங்களுடைய எந்தப் படம் எடுக்கப்பட்டது என்று காட்டுங்கள். சந்தேகம் இருக்கிற இலக்கத்தை விட்டுவிடுங்கள். முழுக் கடையையும் எழுதவே எழுதாதீர்கள்.

உங்கள் மேல் யாராவது பொய் முறைப்பாடு போட்டால் பயந்து சாமானைக் கழற்றிவிட்டு இருக்கவேண்டாம். மறுப்பு அனுப்ப உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த அமெரிக்கச் சட்டப்படி, முறையிட்டவர் வழக்கு வைக்காவிட்டால் 10 முதல் 14 வேலை நாளுக்குள் திரும்பப் போடலாம். ஆனால் மறுப்பில் கையெழுத்திடும்போது அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்கு உடன்படுகிறீர்கள். ஆகவே படம் உண்மையில் உங்களுடையதாக இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

அடுத்தது ஆதாரம். இதற்காகவே நான் ஒவ்வொருவரிடமும் ஏச்சு ஏசுகிறேன். மூலப் படத்தைக் காட்டுங்கள் என்றால் வட்ஸ்அப்பைத் திறக்கிறார்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். கோப்புக்குள் பதிந்திருந்த நேரமும் கமரா விபரமும் போய்விடும். ஃபோனில் எடுத்த மூலக்கோப்பை அழிக்காதீர்கள். ஃபோன் விற்கும்போது, மாற்றும்போது, முதலில் படங்களை வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ஒரே சாமானை நான்கைந்து கோணத்தில் எடுத்து, ஒன்றிரண்டைப் போடாமலே வைத்திருங்கள். திருடியவரிடம் அந்தப் போடாத கோணம் இருக்காது. எத்தனையோ பேருக்கு இது கைகொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மற்றவரின் பக்கத்தை முறைப்பாட்டுக்கு முன்னரே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். இணைய முகவரி, ஏல இலக்கம், திகதி மூன்றும் தெரியவேண்டும். ஏலம் சில நாளில் முடிந்துவிடும், பிறகு பக்கமும் மறைந்துவிடும். இலத்திரனியல் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க எங்களிடம் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இருக்கிறது. ஆனால் பாதி வெட்டிய, திகதியில்லாத படத்தை வைத்துக்கொண்டு நான் எந்த நீதிமன்றத்திலும் ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே வழக்கு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்கலாம். ஆனால் தடையுத்தரவும் நட்டஈடும் கேட்கிற புலமைச் சொத்து வழக்கு கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் கல்முனையிலிருந்து இரவு பஸ் ஏறவேண்டும். இரண்டாயிரம் ரூபாச் சாரன் படத்துக்காக அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. கிழக்கு மாகாணத்திலேயே இதை விசாரிக்கிற காலம் வரவேண்டும் என்பது என் நீண்டநாள் விருப்பம். இப்போதைக்குப் புலமைச் சொத்துப் பணிப்பாளர் நாயகத்திடம் கட்டணம் கட்டி முறையிடப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

பேஸ்புக்கில் பெயரைப் போட்டுக் கள்ளி, கள்ளன் என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது உண்மைதான். குடியியல் வழக்கு அப்படியே இருக்கிறது. எடுத்தவர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர், சிலநேரம் சொந்தக்காரர். முதலில் ஒரு செய்தி அனுப்புங்கள்: "இது நான் எடுத்த படம், மூலக்கோப்பு என்னிடம் இருக்கிறது, நாளைக்குள் கழற்றிவிடுங்கள்." பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

கடைசியாக, ஸ்டூடியோவில் காசு கொடுத்துப் படம் எடுப்பிக்கிறவர்கள். நீங்கள் சொல்லி எடுப்பித்த படம் என்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை அதன் பொருளாதார உரிமை, அதாவது படத்தைப் பிரதியெடுக்கவும் விற்பனைக்குப் பயன்படுத்தவும் உள்ள உரிமை, உங்களுக்கே வரும். ஆனால் ஒப்பந்தத்தில் உரிமை எடுத்தவருக்கு என்று இருந்தாலோ, நீங்கள் கேட்காமல் அவர் தானாக எடுத்த படம் என்றாலோ உரிமை அவருடையது. உங்கள் தம்பி எடுத்தாலும் அப்படித்தான். அப்போது உரிமை மாற்றம் எழுத்தில், இரண்டு பேரின் கையெழுத்தோடு இருக்கவேண்டும் என்கிறது புலமைச் சொத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. நீண்ட பத்திரம் தேவையில்லை. ஒரு தாளில் இப்படி எழுதினால் போதும்: "இத்துடன் அச்சிட்டு இணைத்துள்ள படங்களை எடுத்தவர் நான். அவற்றின் பொருளாதார உரிமைகள் அனைத்தையும், பெற்றுக்கொண்ட இன்ன தொகைக்காக, இன்னாருக்கு உரிமை மாற்றிக் கொடுக்கிறேன்." திகதி போட்டு, இரண்டு பேரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். படங்களை ஈபேயில் ஏற்ற முன்னர் இதைச் செய்துவிடுங்கள்.