வெயில் கொஞ்சம் ஏறினால் கரன்ட் பில் ஏன் எகிறுகிறது?

கோடை பில் கைக்கு வந்ததும் பலரும் முதலில் சந்தேகப்படுவது மீட்டரைத்தான். அதே ஏசி, அதே ஆட்கள், போன மாதத்தைவிட வெயில் ஐந்து டிகிரிதான் கூடுதல், பில் மட்டும் எப்படி இவ்வளவு என்று தோன்றுவது இயல்பு. பெரும்பாலும் மீட்டர் சரியாகத்தான் இருக்கும். வெயில் ஏறுவதைவிட வேகமாக யூனிட் ஏறுகிறது. யூனிட் ஏறுவதைவிட வேகமாகத் தொகை ஏறுகிறது. முதலாவதற்குக் காரணம் இயற்பியல், இரண்டாவதற்குக் காரணம் கட்டண அட்டவணை.

ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இந்த ஒரு யூனிட்டில் 9 வாட் எல்இடி பல்பு 111 மணி நேரம் எரியும். 75 வாட் சீலிங் ஃபேன் 13 மணி நேரம் சுற்றும். 1500 வாட் இழுக்கும் ஏசிக்கு அது 40 நிமிடம்தான். விளக்கை ஓடி ஓடி அணைத்துவிட்டு ஏசியை 18-ல் வைப்பவர்கள் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

சந்தேகம் தீரவில்லை என்றால் மீட்டரிலேயே கணக்குப் பார்க்கலாம். மின்னணு மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். 3200 என்று இருந்து, விளக்கு நொடிக்கு ஒருமுறை மினுக்கினால், வீடு அந்த நேரத்தில் சுமார் 1125 வாட் இழுக்கிறது. ஏசியை அணைத்துவிட்டு மறுபடி எண்ணினால் ஏசியின் பங்கு தனியாகத் தெரிந்துவிடும்.

சரி, ஏசிக்கு வருவோம். ‘ஒரு டன் ஏசி’ என்பது அதன் எடை அல்ல. ஒரு அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்த அளவு குளிர்விக்கும் திறன். இயந்திரக் குளிர்ச்சி வருமுன் பனிக்கட்டியே வணிகப் பொருளாக இருந்த காலத்தின் மிச்சம் இது. இன்றைய கணக்கில் அது 3.5 கிலோவாட். அப்படியானால் ஒன்றரை டன் ஏசி 5 கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியேற்றுகிறது, ஆனால் இழுப்பது சுமார் 1.5 கிலோவாட் மின்சாரம். இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் உள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. கிணற்றில் தண்ணீர் இறைப்பது போன்ற வேலை: மின்சாரம் இறைப்பதற்கான கூலி மட்டுமே.

கிணறு ஆழமாக ஆழமாகக் கூலி கூடும் அல்லவா? அறை 25 டிகிரி, வெளியே 35 என்றால் வித்தியாசம் 10. வெளியே 40 ஆனால் வித்தியாசம் 15. சுவர் வழியாகக் கசிந்து வரும் வெப்பம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது, ஆக அது ஒன்றரை மடங்காகிறது. இறைக்க வேண்டிய தண்ணீர் கூடிவிட்டது. அதே சமயம் ஆழமும் கூடிவிட்டது. வெளியே உள்ள காற்று சூடாக இருக்கும்போது அதில் வெப்பத்தைக் கொட்டுவதற்குக் கம்ப்ரஸர் இன்னும் அதிக அழுத்தம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு யூனிட் வெப்பத்தையும் வெளியேற்ற ஆகும் மின்சாரமும் உயர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பெருக்குவதால்தான் ஐந்து டிகிரி அவ்வளவு பெரிய வேலை செய்கிறது. வெக்கையில் நிற்கும் ஃப்ரிட்ஜுக்கும் இதே கதைதான்.

இதைத் திருப்பியும் படிக்கலாம். வெளியே 35 இருக்கும்போது ஏசியை 25-லிருந்து 26-க்கு மாற்றினால் சுவர்வழி வரும் வெப்பம் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஃபேன் அறையின் வெப்பத்தைக் குறைக்காது, நம் தோலில் உள்ள வியர்வையை ஆவியாக்கும். அதைச் சுற்றவிட்டால் அந்த ஒரு டிகிரி உறைக்காது. ஆளில்லாத அறையில் ஃபேன் வீண்.

ஈரப்பதம் ஒரு தனிச் செலவு. ஏசி குழாயில் சொட்டும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் காற்றில் ஆவியாக இருந்தது. அதைக் குளிர்வித்து நீராக்க, 0.7 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். வெப்பமானி ஒரே அளவைக் காட்டினாலும் புழுக்கமான ஊரில் ஏசிக்கு வேலை அதிகம்.

இனி கட்டணம். பல இடங்களில் விலை அடுக்கடுக்காக ஏறும். முதல் 100 யூனிட்டுக்கு விலை 1, அடுத்த 100-க்கு 2, அதற்கு மேல் 3 என்று வைத்துக்கொள்வோம். 200 யூனிட் செலவழித்தால் தொகை 300. 300 யூனிட் என்றால் 600. பயன்பாடு ஒன்றரை மடங்கு, தொகை இரண்டு மடங்கு! விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் வருடம் முழுக்க இருப்பவை, கீழ் அடுக்குகளை அவை நிரப்பிவிடும். கோடையில் கூடும் ஏசி யூனிட் உச்ச அடுக்கில்தான் போய் உட்காரும். அதனால் ‘மொத்தத் தொகை வகுத்தல் மொத்த யூனிட்’ என்ற சராசரி விலை நம்மை ஏமாற்றும். மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டின் மதிப்பும் கடைசி அடுக்கின் விலைதான். சில கட்டண முறைகளில் வரம்பைத் தாண்டியதும் முதல் யூனிட்டிலிருந்தே சலுகை பறிபோகும். அங்கே ஓரிரு யூனிட்கூடத் தொகையைத் தூக்கிவிடும். அப்புறம், ரீடிங் எடுத்த தேதிகளையும் பார்க்க வேண்டும்: 30 நாள் பில்லையும் 35 நாள் பில்லையும் ஒப்பிட்டுப் பதறுவதில் பொருளில்லை. நாளொன்றுக்கு எத்தனை யூனிட் என்று வகுத்துப் பார்த்தால் போதும்.

ஒன்றுமே பயன்படுத்தாவிட்டாலும் வரும் நிலைக்கட்டணம் பலருக்கு எரிச்சல். ஆனால் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் சராசரி நாளுக்காக அமைக்கப்படுவதில்லை, எல்லா ஏசியும் ஒன்றாக ஓடும் உச்ச நேரத்துக்காக அமைக்கப்படுகின்றன. அதே வெயிலில் கம்பியின் மின்தடை கூடுகிறது, எரிவாயு டர்பைனின் உற்பத்தி குறைகிறது. சோலார் பேனலும் 25 டிகிரிக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் இழக்கிறது, மாலையில் முழுதாகவே ஓய்ந்துவிடுகிறது. பகல் முழுக்க வெப்பத்தைக் குடித்த கான்கிரீட் கூரையோ அப்போதுதான் அதை அறைக்குள் விடத் தொடங்கும்.

இதனால்தான் சில ஊர்களில் மாலை நேர யூனிட்டுக்கு விலை அதிகம். அத்தகைய கட்டணம் உள்ளவர்கள் விலை ஏறுவதற்கு முன்பே அறையை ஓரிரு டிகிரி கூடுதலாகக் குளிரவைத்துவிட்டு, உச்ச நேரத்தில் ஏசியைத் தளர்த்தலாம். கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைத்து, கூரைக்கு வெப்பத்தடுப்பு போட்ட வீட்டில்தான் இது பலிக்கும். நாள் முழுக்க ஒரே விலை என்றால் இப்படிச் செய்வது யூனிட்டைத்தான் கூட்டும்.