எரிவது ஆவி: வன்னிக் காட்டுப் பாதைகளில் எரிபொருள் கொண்டுபோவது

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில் இருக்கும்வரை எரிபொருள் பெரிய கவலை இல்லை. வீதியை விட்டு இறங்கிக் கிறவல் பாதையில் முத்தையன்கட்டுப் பக்கமோ நெடுங்கேணிக் காட்டுக் கரைக்கோ போகிறவருக்குத்தான் அது கவலை. வயலில் வோட்டர் பம்ப் இரவு முழுக்க ஓட வேண்டும். வெட்டு மெசின் நடு வயலில் டீசல் முடிந்து நின்றால் அன்றைய கூலி போய்விடும். கண்ணிவெடி அகற்றும் அணிகளின் வாகனங்கள் நாள் முழுக்கக் காட்டுக்குள் நிற்கும். நாயாற்றுக் கரையில் படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் போக வேண்டும். ஆகவே லான்ட்மாஸ்டர் எனப்படும் இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியிலும் மோட்டார் சைக்கிளின் பின்சீற்றிலும் டபிள் கெப்பின் பின்தட்டிலும் கான்கள் பயணம் செய்கின்றன. செய்யத்தான் வேண்டும். எப்படிச் செய்வது என்பதற்கு ஊரில் பல விதிகள் புழங்குகின்றன. விதியை மட்டும் சொல்லி, அதன் காரணத்தைச் சொல்லாமல் விடுவதால்தான் அவசரத்தில் அது முதலில் மீறப்படுகிறது என்று நினைக்கிறேன். காரணத்தை விளக்குவதே இந்தக் கட்டுரையின் வேலை.

அடிப்படை உண்மை ஒன்றுதான். திரவப் பெற்றோல் எரிவதில்லை. அதன் மேற்பரப்பில் இருந்து எழும் ஆவி காற்றோடு கலந்து எரிகிறது. ஒரு திரவம் எந்த வெப்பநிலையில், ஒரு பொறி பட்டதும் பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை விடத் தொடங்குகிறதோ அது அதன் பற்றுநிலை. பெற்றோலுக்கு இது ஏறத்தாழ −40 பாகை செல்சியஸ். மண்ணெண்ணெய்க்கு 38 பாகை அல்லது அதற்கு மேல். டீசலுக்கு 50 பாகையைத் தாண்டியது.

வன்னியின் மூத்தவர்களுக்கு இந்த எண்கள் புதியவை அல்ல. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் கிடைக்காமல் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில், சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டுத்தான் உதைப்பார்கள். பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவி தரும், அதனால் குளிர்ந்த எஞ்சின் பற்றிக்கொள்ளும். எஞ்சின் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய் போதிய ஆவியைக் கொடுத்து அதை ஓட்டும். பற்றுநிலை என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்களும் அதைக் காலால் உதைத்து அறிந்திருந்தார்கள்.

இதில் இருந்து ஒரு தவறான முடிவுக்கு வருவது எளிது: டீசல் பற்றாது, பயமில்லை. வீட்டு நிழலில் அது பெருமளவு சரி. ஆவணி மாதத்து நடுப்பகலில், வெயிலில் நிற்கும் பெட்டியின் இரும்புத் தகடு 60 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அதன்மேல் மணிக்கணக்காக இருக்கும் கானில் உள்ள டீசல் தன் எல்லையை நெருங்கிவிடும். இன்னொரு வழியும் உண்டு. பெற்றோல் இருந்த கானைக் கழுவாமல் டீசல் பிடித்தால், அடியில் கிடந்த சிறிதளவு பெற்றோலே முழுக் கலவையின் பற்றுநிலையையும் வெகுவாகக் கீழே இழுத்துவிடும். பெற்றோலுக்கு ஒரு கான், டீசலுக்கு ஒரு கான், மண்ணெண்ணெய்க்கு ஒரு கான் என்று வைத்து, பெயின்றால் பெரிதாக எழுதிவிடுவது எஞ்சினையும் காக்கும், ஆளையும் காக்கும்.

ஆவி எவ்வளவு இருந்தால் பற்றும்? காற்றில் பெற்றோல் ஆவி ஏறத்தாழ 1.4 வீதத்துக்கும் 7.6 வீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் எரிய எரிபொருள் போதாது, கூடினால் ஒட்சிசன் போதாது. நன்கு மூடிய பெற்றோல் கானுக்குள் ஆவி இந்த மேல் எல்லையைத் தாண்டி நிற்பதால் உள்ளே பற்றுவதில்லை. மூடியைத் திறந்ததும் வாயருகே ஆவியும் காற்றும் கலக்கின்றன. அங்கே எங்காவது ஓர் இடத்தில் கலவை சரியான அளவுக்கு வந்தே தீரும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு லீற்றர் பெற்றோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 180 லீற்றர் ஆவியாகும். கார் ஒன்றின் உள்வெளி 3 கன மீற்றர் அளவு. அதன் 1.4 வீதம் 42 லீற்றர். அதாவது பின்சீற்றில் சரிந்த கானில் இருந்து கால் லீற்றர் பெற்றோல் சிந்தி ஆவியானாலே, அந்தக் காரின் உட்பகுதி முழுவதும் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும் கலவையாகிவிடும். ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் எரிபொருள் கான் வைக்கவே கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானதும்கூட. அது மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடிப் போகும். வயற்காவல் கொட்டிலில் நுளம்புக்குப் புகை போட்டிருக்கும் நெருப்பு பத்தடி தள்ளி இருக்கிறதே என்று எண்ணி, மேட்டில் நின்று பம்புக்குப் பெற்றோல் ஊற்றுகிறவருக்கு ஆவி எந்தப் பக்கம் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. நெருப்பை நோக்கி ஆவி போகும், பற்றிய சுவாலை அதே வழியால் கானைத் தேடித் திரும்பி வரும். யானையை விரட்டக் கொளுத்திப் போடும் யானை வெடியையும் பெற்றோலையும் ஒரே பெட்டியில் ஏற்றிக் காவலுக்குப் போகும் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும் என்று வேண்டிக் கேட்கிறேன்.

அடுத்தது விரிவு. வெப்பநிலை ஒரு பாகை கூடினால் பெற்றோலின் கனவளவு ஏறத்தாழ 0.095 வீதம் கூடும். விடியற்காலையில் 25 பாகையில் பிடித்த 20 லீற்றர், மதியம் 45 பாகைக்கு வந்தால் 380 மில்லிலீற்றர் பெருத்திருக்கும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. கழுத்துவரை நிரப்பிய கானில் அந்த 380 மில்லிலீற்றர் மூடியைத் தள்ளும், அல்லது ஒட்டைப் பிளக்கும். இதற்கு மேல் ஆவியின் அமுக்கம் வேறு. 38 பாகை அளவில் பெற்றோல் ஆவி மட்டுமே வளிமண்டல அமுக்கத்தின் பாதியளவைக் கொடுக்கும். அது உள்ளே இருக்கும் காற்றின் அமுக்கத்தோடு சேர்ந்து சுவரைத் தள்ளுகிறது. வெயிலில் வந்த கானின் மூடியைச் சட்டென்று திறந்தால் சீறிக்கொண்டு முகத்தில் அடிப்பது இதனால்தான். நிழலில் கொஞ்ச நேரம் வைத்து, முகத்தை விலக்கி, மூடியை மெல்ல மெல்லத் தளர்த்தி அமுக்கத்தை விட வேண்டும். நிரப்பும்போதே மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும்.

இந்தச் சிக்கல்கள் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் தீர்த்த வடிவமைப்பு 1937 அளவில் ஜேர்மனியில் உருவானது. வின்சென்ஸ் குறுன்வோகல் என்ற பொறியியலாளரின் வேலை. இன்று உலகம் முழுவதும் ஜெரிக்கான் என்று அழைக்கப்படும் அந்த 20 லீற்றர் இரும்புக் கானை உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு மடிப்புக்கும் காரணம் இருக்கிறது. இரண்டு அச்சடித்த தகடுகளை நடுவில் சேர்த்து ஒட்டியிருப்பார்கள், அந்த ஒட்டு உள்ளடங்கி இருக்கும், விழுந்தாலும் அடி அதில் படாது. பக்கங்களில் உள்ள பெருக்கல் குறி போன்ற பள்ளங்கள் தகட்டுக்கு வலுவும் கொடுக்கும், உள்ளே விரியும்போது வெளியே தள்ளிக்கொள்ள இடமும் கொடுக்கும். கைப்பிடிக்கு அடியில் காற்றுப் பை ஒன்று நிற்கும். அதனால் நிரம்பிய கானும் தண்ணீரில் மிதக்கும், விரிவுக்கும் இடம் இருக்கும். மூன்று கைப்பிடிகள் இருப்பதால் நிரம்பியதை இருவர் தூக்கலாம், வெறும் கான் இரண்டை ஒருவர் ஒரே கையில் கொண்டுபோகலாம். இரண்டாம் உலகப் போரில் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் பிரித்தானியரின் மெல்லிய தகரங்கள் ஒழுகி ஏராளமான எரிபொருளை மண்ணுக்குக் கொடுத்தன. எதிரியிடம் பிடித்த கான்களைத்தான் அவர்கள் விரும்பிப் பயன்படுத்தினார்கள், பிறகு அதையே பார்த்துச் செய்தார்கள்.

நல்ல கான்களின் கழுத்துக்குள் இன்று ஒரு கம்பி வலையும் இருக்கும். ஹம்ப்ரி டேவி 1815 இல் நிலக்கரிச் சுரங்க விளக்குக்காகக் கண்டுபிடித்த அதே தத்துவம்: சுவாலை நுண்ணிய வலையைக் கடக்க முயலும்போது உலோகம் அதன் வெப்பத்தை உறிஞ்சி அணைத்துவிடுகிறது, மறுபுறம் போகாது. கையடக்க எரிபொருள் கான்களுக்கு இத்தகைய சுவாலைத் தடுப்பைக் கட்டாயமாக்கும் சட்டத்தை அமெரிக்கா 2020 இல் கொண்டுவந்தது. ஊற்றும் வேகம் குறைகிறது என்று அந்த வலையைக் குத்திக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கழற்றாதீர்கள்.

குளிர்பானப் போத்தல் இந்த வேலைக்கு ஆகாது. சுவர் மெல்லியது, வெயிலில் உருமாறும், மூடியில் நல்ல வாசர் இல்லை, விழுந்தால் பிளக்கும். எல்லாவற்றையும்விடக் கொடியது, தாகத்தோடு வரும் பிள்ளை அதைக் குடிபானம் என்று நினைப்பது. மண்ணெண்ணெயும் பெற்றோலும் வயிற்றைவிடச் சுவாசப்பைக்குத்தான் ஆபத்து. கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் போனாலே சுவாசப்பை அழலும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வரும் வழியில் அது மறுபடி மூச்சுக்குழாய்க்குள் போகும். நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். வாயால் ரியூப்பை உறிஞ்சி எரிபொருள் இறக்குவதும் இதே ஆபத்துத்தான். கையால் அமுக்கி இறைக்கும் ரப்பர் பம்ப் மலிவானது.

நிலைமின்னை நம்பாதவர்கள் அதிகம் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன். எரிபொருள் குழாய் வழியே ஓடும்போது குழாயின் சுவரோடு உராய்ந்து மின்னேற்றம் பெறுகிறது. கான் தரையில் இருந்தால் அந்த ஏற்றம் மண்ணுக்குள் இறங்கிவிடும். கான் வாகனத்தில், ரப்பர் விரிப்பின்மேலோ பிளாஸ்டிக் உறையின்மேலோ இருந்தால் இறங்க வழியில்லை. ஏற்றம் கானில் சேர்ந்துகொண்டே போகும். பிறகு உலோகக் கானுக்கும் குழாய் முனைக்கும் இடையே பொறியாகப் பாயும், சரியாக ஆவி வெளியேறும் வாயருகில். பிக்கப் வாகனங்களின் பிளாஸ்டிக் விரிப்பில் வைத்துக் கான் நிரப்பியபோது நடந்த தீ விபத்துகளைப் பற்றி அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998 இல் எச்சரிக்கை வெளியிட்டது.

பொறி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றால், பெற்றோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லியூலில் கால் பங்கு அளவு சக்தியே போதும். மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் மனித உடலின் கொள்ளளவு 150 பிக்கோபரட் அளவு. சீற்றில் தேய்ந்து எழுந்தவர் 3000 வோல்ற்றுக்கு ஏற்றம் பெறுவது பெரிய விடயம் அல்ல. அப்போது உடலில் சேரும் சக்தி ஏறத்தாழ 0.7 மில்லியூல். கையில் சுருக்கென்று உணரக்கூடிய எந்தப் பொறியும் பெற்றோலைப் பற்றவைக்கப் போதுமானது. வறண்ட காற்று ஏற்றத்தைத் தக்கவைக்கும். சோளகம் வீசும் மாதங்களில் இன்னும் கவனம் வேண்டும்.

ஆகவே பெற்றோல் செட்டில் கானைக் கீழே இறக்கித் தரையில் வையுங்கள். கானைத் தொடுவதற்கு முன் வெறுங்கையால் வாகனத்தின் இரும்பைத் தொடுங்கள். குழாய் முனை கானின் விளிம்பைத் தொட்டபடி இருக்கட்டும், நிரம்பும்வரை எடுக்க வேண்டாம். மெதுவாக விடச் சொல்லுங்கள், உயரத்தில் இருந்து கொட்டி நுரைத்தால் ஏற்றம் கூடும். பிளாஸ்டிக் கானில் சுவர் ஏற்றத்தைக் கடத்தாது என்பதால் இந்த மெதுவே பெரிய பாதுகாப்பு. லான்ட்மாஸ்டரில் இருந்து கானை இறக்குவது இரண்டு நிமிட வேலை, பின்னால் வரிசையில் நிற்பவர் முறைத்தாலும் இறக்குங்கள்.

வாகனத்தில் எங்கே வைப்பது? கெப்பின் பின்தட்டில், பின் அச்சுக்கு முன்னால், தாழ்வாக. 20 லீற்றர் டீசல் 17 கிலோ. நான்கு இரும்புக் கான்கள் கானோடு சேர்த்து 85 கிலோ வரும். அதைக் கூரையில் ஏற்றினால் புவியீர்ப்பு மையம் உயரும். குளக்கட்டின் சரிவில் ஒரு பக்கம் சாயும் வாகனத்துக்கு அந்த உயரமே கவிழப் போதும். பின்பம்பரில் தொங்கவிட்ட கான் பின்னால் வந்து இடிப்பவருக்கு முதலில் அகப்படும். சைலன்சர் போகும் பக்கம் வேண்டாம்.

லான்ட்மாஸ்டர் பெட்டிக்குத் தனிக் கவனம் தேவை. பெரும்பாலும் அதற்கு வில்லுத்தகடு கிடையாது, கிறவல் பாதையின் ஒவ்வொரு குழியும் நேரே கானுக்குப் போகும். இரும்பும் இரும்பும் உராய்ந்தால் கானின் மூலை தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துளை விழும். அடியிலும் கான்களுக்கு இடையிலும் பழைய ரயர்த் துண்டு வைத்து, நிமிர்த்தி, பெல்ற் போட்டு இறுக்குங்கள். போகும்போது ரப்பர் நல்லது, நிரப்பும்போதுதான் அது பகை.

வயலில் ஊற்றும்போது எஞ்சினை நிறுத்திச் சூடு தணியவிட வேண்டும். பக்கத்தில் உலர்தூள் தீயணைப்பான் இல்லையென்றால் ஒரு வாளி மணலாவது இருக்கட்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது, பெற்றோல் அதன்மேல் மிதந்து எரிந்துகொண்டே பரவும்.

கடைசியாக வெறும் கான். பலரும் அதை அக்கறையில்லாமல் எறிவார்கள். நிரம்பிய கானில் ஆவிக்கு இடம் குறைவு, அதுவும் பற்றாத அளவுக்கு அடர்ந்திருக்கும். காலியான கானைத் திறந்து வைத்தால் உள்ளே காற்றுப் போய்க் கலவை மெல்ல மெல்ல 7.6 வீதத்துக்குக் கீழே இறங்குகிறது. அப்போது முழுக் கானும் வெடிக்கத் தயாரான பாத்திரம். அடியில் ஒட்டியிருக்கும் சில துளிகளே அதற்குப் போதும். வெறும் கானையும் மூடியே வையுங்கள். துளை விழுந்த கானையோ எரிபொருள் இருந்த பரலையோ ஒட்டித் தரச் சொல்லி வெல்டிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். மணம் போய்விட்டது என்பதை நம்பி வெட்டவும் வேண்டாம். புதிய கான் வாங்குங்கள்.