‘ஃபைபர்’ என்று எழுதியிருந்தால் அது ஃபைபர்தானா?

நெட்வொர்க் வேலையில் இருக்கும் பலருக்கும் ரைப் அட்லஸ் பழக்கமானது. ஐரோப்பா உள்ளிட்ட பகுதிகளுக்கு ஐபி முகவரிகளைப் பங்கிடும் அமைப்பான ரைப் என்சிசி 2010-இல் தொடங்கிய இணைய அளவீட்டு வலை அது. உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றை ஆர்வலர்கள் தங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ ரவுட்டரில் செருகி வைக்கிறார்கள். புரோப் என்று அதைச் சொல்வோம். இரவும் பகலும் அது பிங் (பதில் வர எவ்வளவு நேரம்), டிரேஸ்ரூட் (எந்த வழியாகப் போகிறது), டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி கிடைக்கிறதா) சோதனைகளை நடத்திக்கொண்டே இருக்கும். இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புரோப்கள் உலகெங்கும் இயங்குகின்றன.

ஒவ்வொரு புரோப்பிலும் இரண்டு வகை டேக்குகள், அதாவது அடையாளச் சொற்கள், ஒட்டியிருக்கும். ஒன்று சிஸ்டம் டேக். புதிய வகை ஐபி முகவரியான ஐபிவி6 வேலை செய்கிறதா, டிஎன்எஸ் பதில் சரியாக வருகிறதா என்று சோதனைகளிலிருந்தே தானாகப் போடப்படுவது. மற்றொன்று, புரோப்பை வைத்திருப்பவர் தன் கையால் போடுவது: ஹோம், ஆபீஸ், ஃபைபர் (கண்ணாடி இழை), டிஎஸ்எல் (தொலைபேசிச் செம்புக் கம்பி), கேபிள், நாட் (பல கருவிகள் ஒரே வெளி முகவரியைப் பகிர்வது). பெயருக்கு இரண்டும் டேக்தான். ஆனால் முன்னது அளந்து வந்தது, பின்னது ஒருவர் என்றோ ஒருநாள் சொன்னது.

இந்த வித்தியாசத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஐரோப்பிய வீடுகளில் ஃபைபருக்கும் டிஎஸ்எல்லுக்கும் தாமதம் எவ்வளவு வேறுபடுகிறது என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தார். ஹோம், ஃபைபர் இரண்டும் உள்ள புரோப்களை எடுத்துச் சோதனை ஓட்டினேன். தாமத அளவுகளை வரைந்த கிராஃபில் ஒரு மேடு வரவேண்டிய இடத்தில் இரண்டு மேடு. ஃபைபர் நிறுவனங்கள் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, சுற்றுவழியில் அனுப்புகின்றன என்று முடிவுகட்டி, பாதி அறிக்கையும் எழுதிவிட்டேன். சந்தேகம் வந்து இரண்டாவது ஹாப்பை, அதாவது பாக்கெட் போகும் வழியில் வரும் இரண்டாவது கருவியை, பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மெதுவாக இருந்த புரோப்களில் பல, வீட்டை விட்டு வெளியேறும் முதல் அடியிலேயே அந்தத் தாமதத்தைச் சுமந்திருந்தன. அவை செம்புக் கம்பியில் இருந்தவை.

டேக் போட்டவர்கள் பொய் சொன்னார்கள் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். தெருப் பெட்டி வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குப் பழைய தொலைபேசிக் கம்பி. அந்த இணைப்பையும் அங்கே ‘ஃபைபர்’ என்றுதான் விற்றார்கள். வாங்கியவர் வேறு என்ன எழுதுவார்? ‘கேபிள்’ என்பதும் அப்படித்தான். டிவி கேபிள் வழி வரும் இணையம் என்று ஒருவருக்குப் பொருள், ஈதர்நெட் கேபிளில் செருகியிருக்கிறேன் என்று இன்னொருவருக்குப் பொருள்.

அப்புறம், டேக்குக்கு வயது உண்டு. வீடு மாறுகிறார்கள், நிறுவனம் மாறுகிறார்கள், ஆபீஸில் இருந்த புரோப்பை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். புதிய ஐபி முகவரியை வைத்து, எந்த நிறுவனத்தின் நெட்வொர்க் என்று காட்டும் ஏஎஸ் எண் தானாக மாறிவிடும். கையால் எழுதிய டேக் மட்டும் அப்படியே நிற்கும். பழைய புரோப் பட்டியல்கள் நாள்வாரியாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. ஏஎஸ் எண் மாறிய பிறகும் டேக் மாறாத புரோப்களை அவற்றிலிருந்து எளிதில் பிரித்தெடுக்கலாம்; அவற்றைத்தான் நான் முதலில் ஒதுக்குகிறேன்.

அடுத்து இரண்டாவது ஹாப். புரோப்கள் முதல் இரண்டு ஹாப்களைத் தாமாகவே பிங் செய்துகொண்டிருப்பதால் இதற்குத் தனிச் சோதனை வேண்டாம். வீட்டில் முதல் ஹாப் பெரும்பாலும் நம் ரவுட்டர், இரண்டாவது நிறுவனத்தின் கருவி. வீட்டு ஃபைபரில் அது சில மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். டிஎஸ்எல்லில், குறிப்பாகப் பிழை திருத்தத்துக்காகத் தரவைக் கலைத்து அடுக்கும் இன்டர்லீவிங் இயங்கினால், பத்து, இருபது என்று ஏறும். மொபைல் இணைப்பில் எண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும்.

இதிலும் அவசரப்படக்கூடாது. வாடிக்கையாளரின் பாக்கெட்டைத் தொலைதூர நகரம் வரை, இடையிலுள்ள கருவிகள் ஹாப்பாகத் தெரியாதபடி (‘டனல்’ என்பார்கள்) கொண்டுபோய் இறக்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கே நிஜ ஃபைபரும் மெதுவாகத் தெரியும். வீட்டுக்குள்ளேயே இரண்டு ரவுட்டர் இருந்தால் இரண்டாவது ஹாப்பும் வீட்டுக்குள்ளேயே இருக்கும், டிஎஸ்எல்லும் மின்னல் மாதிரித் தெரியும். அதனால் இரண்டாவது ஹாப்பின் முகவரி, வீட்டு உள் முகவரிகளைப் போல 192.168 என்று தொடங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நாட் டேக்கைச் சரிபார்ப்பது இன்னும் சுலபம். பிங், டிரேஸ்ரூட் முடிவுகளில் புரோப்பின் சொந்த முகவரியும் வெளியே தெரியும் முகவரியும் சேர்ந்தே வரும். இரண்டும் வேறு என்றால், டேக் இல்லாவிட்டாலும் நடுவில் நாட் இருக்கிறது. டேக் போடாததை ‘இல்லை’ என்று படிப்பது, டேக்கைக் கண்மூடி நம்புவதைவிடப் பெரிய தப்பு.

இடத்தையும் ஓரளவு சோதிக்கலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர ஒரு மில்லிசெகண்ட் என்றால் அதிகபட்சம் 100 கிலோமீட்டர் தொலைவு. இருக்கும் இடம் நன்றாகத் தெரிந்த ஒரு சர்வரிலிருந்து 3 மில்லிசெகண்டில் பதில் வருகிற புரோப், வரைபடத்தில் 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் குறிக்கப்பட்டிருந்தால், குறித்த இடம்தான் தவறு.

சரி, ஹோம் டேக்? அதைச் சோதிக்க என்னிடம் நல்ல வழி இல்லை. வீட்டிலிருந்து நடத்தும் சிறு அலுவலகம் எந்தப் பக்கம் சேரும் என்று டிரேஸ்ரூட் சொல்லாது. அதனால் அறிக்கையில் ‘வீட்டு இணைப்புகள்’ என்று எழுதுவதை விட்டுவிட்டேன். ‘வீடு என்று உரிமையாளர் குறித்தவை’ என்று எழுதி, எத்தனை புரோப்களில் தொடங்கினேன், சோதித்தபின் எத்தனை மிஞ்சின என்று இரண்டு எண்ணிக்கையையும் தருகிறேன்.

அந்த அறிக்கையைத் திருத்தி அனுப்பிய இரவு, என் சொந்தப் புரோப்பின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வீடு மாறி ஃபைபருக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. டேக்கில் இன்னும் டிஎஸ்எல்.