கேஸ் மாத்திரையும் காலி வயிறும்

ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை மருந்துகளைக் கேஸ் மாத்திரை என்கிறோம். வாயுவுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. வயிற்றில் ஏற்கெனவே கிடக்கும் அமிலத்தையும் இவை தொடுவதில்லை. அதற்கு ஆன்டாசிட் இருக்கிறது. இவை அமிலம் ஊறும் இடத்தையே அடைக்கின்றன.

ஒமிப்ரசோல் கேப்சூலைத் திறந்தால் ஜவ்வரிசி போலச் சின்னச் சின்ன உருண்டைகள் கொட்டும். ஒவ்வொன்றின் மேலும் அமிலத்தில் கரையாத பூச்சு உண்டு. இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில்தான் அது கரையும். அங்கிருந்து மருந்து ரத்தத்தில் ஏறி, சுற்றிவந்து, இரைப்பைச் சுவரிலுள்ள அமிலம் சுரக்கும் செல்களுக்குக் கொல்லைப்புறமாக வந்து சேர்கிறது.

அந்தச் செல்லில் ஒரு புரதப் பம்ப் இருக்கிறது. பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, புரோட்டானை, அதாவது அமிலத்தை அமிலமாக்கும் ஹைட்ரஜன் அயனியை, வெளியே தள்ளும். தள்ளும் இடமான நுண்கால்வாயில் பிஹெச் ஏறத்தாழ 1, அதாவது கடும் அமிலம். மருந்து மூலக்கூறு அங்கே நுழைந்ததும் புரோட்டானைப் பிடித்து மின்னேற்றம் பெறுகிறது. மின்னேற்றம் பெற்றது சவ்வைக் கடந்து திரும்ப முடியாது. எலிப்பொறிதான்! ரத்தத்தில் இருப்பதைப்போல் சுமார் 1000 மடங்கு அங்கே சேர்ந்துவிடும். பிறகு அதே அமிலத்தில் வடிவம் மாறி, பம்பிலுள்ள 813ஆம் அமினோ அமிலமான சிஸ்டீனின் கந்தகத்தோடு பிணைந்துகொள்கிறது. அந்தப் பம்ப் அதோடு சரி.

சிக்கல் நேரத்தில்தான். ரத்தத்தில் இந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறையும் நேரம், சுமார் 1 மணி நேரமே. வயிறு காலியாக இருக்கும்போது பெரும்பாலான பம்புகள் செல்லுக்குள் பைகளில் முடங்கிக் கிடக்கும். அவை அமிலம் தள்ளாத இடத்தில் பொறியும் இல்லை. சாப்பாடு இறங்கினால்தான் மேற்பரப்புக்கு வரும். அதனால்தான் காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போடச் சொல்கிறார்கள். நெஞ்சு எரிந்த பிறகு ராத்திரி ஒன்றைப் போட்டுப் படுத்தால், பிடிக்க ஆளில்லாமல் மருந்து பெரும்பாலும் வீணாகிறது.

ஒரே வேளையில் எல்லாப் பம்புகளும் சிக்காது. முழுப் பலன் தெரிய 3 நாளாவது ஆகும். அடைபட்டவற்றுக்குப் பதிலாகச் செல் புதிதாகச் செய்ய வேண்டும் என்பதால், நிறுத்திய பின்னும் சில நாள் தாக்கம் நீடிக்கும்.

உருண்டைகளை நசுக்கிக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பூச்சு உடைந்தால் மருந்து இரைப்பையிலேயே வடிவம் மாறிச் சிதைந்துவிடும்; போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது. இதயத்துக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரெல் சாப்பிடுபவர்கள் இன்னொன்றையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதைக் கல்லீரலில் செயல்படு வடிவமாக்கும் நொதியை ஒமிப்ரசோல் தடுக்கிறது. பான்டோபிரசோலுக்கு இந்தத் தொல்லை குறைவு.

மாதக்கணக்கில் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் எரிச்சல் முன்னைவிட மோசமாகலாம். அமிலம் குறைந்ததைப் பார்த்து உடல், அமிலம் சுரக்கத் தூண்டும் காஸ்ட்ரின் ஹார்மோனைக் கூட்டிவைத்திருக்கும். பூட்டு திறந்ததும் அமிலம் பெருகும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி மாத்திரைக்கே போகிறவர்கள் நிறையப் பேர். அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான்.