நகராத பெட்டி, நகரும் வடக்கு

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்மூர் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. மரம் அதிகமில்லாத சதுப்பு, நடுநடுவே கருங்கல் குன்றுகள். மிக உயரமான ஹை வில்ஹேஸே 621 மீட்டர்தான். 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அங்கே வரை நடந்து வந்தவர்கள் தங்கள் முகவரி அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். லெட்டர்பாக்ஸிங் என்ற பொழுதுபோக்கு தொடங்கியது இப்படித்தான்.

இன்று பாறை இடுக்குகளில் ஒளித்து வைத்திருப்பது சின்ன டப்பாக்கள். உள்ளே ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஈரம் கோத்த ஒரு நோட்டும் இருக்கும். கண்டுபிடித்தவர் அந்த ஸ்டாம்பைத் தன் புத்தகத்தில் குத்திக்கொள்வார், தன்னுடையதை அந்த நோட்டில் பதித்துவிட்டு டப்பாவை இருந்த இடத்திலேயே வைப்பார்.

சரி, வெட்டவெளியில் கையளவு டப்பாவை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய முறையில் குறிப்பு இப்படி இருக்கும்: அந்தக் குன்று 47 டிகிரியில், இந்தக் குன்று 137 டிகிரியில் தெரியும் இடம்; அங்கிருந்து பிளந்த பாறைக்கு 20 எட்டு. வடக்கிலிருந்து வலச்சுற்றாக அளக்கும் கோணம்தான் இந்த டிகிரி. காம்பஸில் ஒரு குன்று 47 டிகிரி காட்டுகிறது என்றால், அந்தக் குன்றிலிருந்து எதிர்த்திசையில் வரைந்த கோட்டில் எங்கோ நாம் நிற்கிறோம். இரண்டாவது குன்றுக்கும் அப்படி ஒரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளிதான் நாம் தேடும் இடம்.

எந்தக் குன்றுகளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. ஹை வில்ஹேஸும் யெஸ் டோரும் ஒரே மேட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் நிற்பவை. தூரத் தெற்கிலிருந்து பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே திசை. இரண்டு கோடுகளும் கத்தரிக்கோல் போல ஒட்டியே ஓடும், எங்கே வெட்டுகின்றன என்றே சொல்ல முடியாது. செங்கோணத்துக்குப் பக்கமாக வெட்டினால்தான் நல்லது. அப்போதும் ஒரு டிகிரி பிசகினால் 2 கிலோமீட்டர் தூரத்தில் 35 மீட்டர் விலகிவிடும். கடைசியில் அந்த 20 எட்டு தேவைப்படுவது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இனிமேல்தான் வருகிறது. டப்பாவும் குன்றும் நகர்வதில்லை, வடக்கு நகர்கிறது! பூமிக்குள் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டம்தான் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. ஓட்டம் மாறினால் காம்பஸ் முள் காட்டும் திசையும் மெல்ல மாறும். லண்டனில் 1580-இல் முள் உண்மை வடக்கிலிருந்து (அதாவது வட துருவம் இருக்கும் திசையிலிருந்து) சுமார் 11 டிகிரி கிழக்கே சாய்ந்திருந்தது. 1820 வாக்கில் சுமார் 24 டிகிரி மேற்கே. டார்ட்மூரில் 1980-களின் நடுவில் சுமார் 7 டிகிரி மேற்கே இருந்த முள், இப்போது உண்மை வடக்கை ஒட்டியே நிற்கிறது. 2022 நவம்பரில் பக்கத்து டார்செட்டின் லாங்டன் மேட்ரவர்ஸ் கிராமத்தில் உண்மை வடக்கு, வரைபடக் கட்டக் கோடுகள் காட்டும் வரைபட வடக்கு, முள் காட்டும் காந்த வடக்கு மூன்றும் ஒரே கோட்டில் சேர்ந்தன.

ஆகவே 1980-களின் நடுவில் எழுதிய குறிப்பில் உள்ள 47-ஐ இன்று 40 என்று படிக்க வேண்டும். அப்படியே எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு கோடும் 7 டிகிரி திரும்பிவிடும். 2 கிலோமீட்டர் தள்ளி, செங்கோணத்தில் இரண்டு குன்றுகள் என்றால் வெட்டும் புள்ளி 300 மீட்டருக்கும் மேல் ஓடிப்போகும். நாள் முழுக்கத் தேடினாலும் டப்பா கிடைக்காது. கடைசி 20 எட்டையும் திசை சொல்லித் தந்திருந்தால், அதில் வரும் பிழை இரண்டரை எட்டுதான்.

அப்புறம், குறிப்பு எழுதிய ஆண்டே தெரியவில்லை என்றால்? மூன்று குன்றுகள் தந்திருந்தால் கவலை இல்லை. முள் எவ்வளவு சாய்ந்தாலும் மூன்று எண்களும் சேர்ந்தே கூடும் அல்லது குறையும். அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் மாறாது. முதல் குன்றுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 90 டிகிரி, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 60 டிகிரி என்று தெரியும் இடத்தை நடந்து பிடித்தால் போதும். நாமும் மூன்று குன்றுகளும் ஒரே வட்டத்தின் மேல் அமைந்துவிடாத வரை, அதற்கு வடக்கு எது என்று தெரியவே வேண்டாம்.